தஹித்திக் கலியாணத்துக்கு ஒரு சாறி

என் மனுசனோடு பத்து நாள் தனியாக இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம். அதற்குள் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிட்ட நாட்களை எண்ணச் சொன்னால், கோயில் அன்னதானங்களையும் ஆருடையவோ கலியாணங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பத்து நாள் இவரோடு என்னத்தைக் கதைப்பது?

இவர் பாரிஸில் மொம்பர்னாஸ் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் கடைசி ரயிலில்தான் வருவார். நான் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சாறிக் கடையில் நிற்கிறேன். காலை ஒன்பது மணிக்குச் செவ்ரானில் ரயில் ஏறினால் வீடு திரும்ப எட்டரை. இவருக்குத் திங்கட்கிழமை லீவு, அன்றைக்கு உணவகம் பூட்டு. எனக்குச் செவ்வாய் லீவு. திங்கள் இரவு நான் வர இவர் சாப்பிட்டுப் படுத்திருப்பார், செவ்வாய் இவர் எழும்பி வெளிக்கிடவே மூன்று மணியாகிவிடும். இதை ஆரோ வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் ஒருவரும் செய்யவில்லை, நாங்களே இரண்டு வேலைக்கும் தலையாட்டிப் போய்ச் சேர்ந்தோம்.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது 2009 தொடக்கத்தில். அந்த வருசம் லாச்சப்பலில் கூறைச்சேலை கேட்டு வந்தவர்கள் குறைவு. கடை வாசலில் ஆட்கள் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகச் சொல்லி, இருக்கினமோ இல்லையோ என்று விசாரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் உள்ளே சாறிகளை விரித்து மடிப்பேன், மடித்ததைத் திரும்ப விரிப்பேன். ஊரில் சண்டை முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு இவர் கதைப்பது குறைந்துபோனது. நானும் கேட்கவில்லை. முதலில் துக்கம் என்று விட்டேன். பிறகு பழகிப்போய் விட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுடைய கதையெல்லாம் பிரிஜ் கதவில்தான் நடந்தது. ‘பருப்பு கீழ்த்தட்டில்.’ ‘கரண்ட் காசு கட்டியாச்சு.’ ‘மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சந்திப்பு, நீர் போம்.’ மகள் வளர்ந்து படிக்கவென்று லியோனுக்குப் போன பிறகு துண்டுகளும் சின்னனாகின. சில நாட்களில் ‘பால்’ என்று மட்டும் இருக்கும். பால் இருக்கிறது என்றா, இல்லை என்றா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தஹித்தி விசயமும் அந்தக் கதவில்தான் எனக்குத் தெரிய வந்தது. 2017இல் இவருக்கு ஐம்பது வயது ஆனது. உணவகத்தில் முதலாளி, தலைமைச் சமையல்காரர், தட்டுக் கழுவுகிறவர் எல்லாரும் ஒரு வருசமாகக் காசு சேர்த்து இவருக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். காந்தத்தின் கீழே ஒரு நீல உறை, பக்கத்தில் ஒரு துண்டு: ‘இதைப் பாரும்.’ பார்த்தேன். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, தஹித்திக்குப் பக்கத்தில் மொரேயா என்ற தீவில் ஒரு குடும்ப விடுதி, பத்து நாள். நான் உறையை நாலு தரம் திருப்பிப் பார்த்தேன். வேறு ஆருடையதோ மாறி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, நித்திரையில் கிடந்தவரை உலுப்பி எழுப்பிக் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, என்ன இது தஹித்தி?”

“எங்கை போக விருப்பம் எண்டு கேட்டவங்கள். சொன்னன்.”

“நீங்களோ சொன்னனீங்கள்? ஏன் தஹித்தி?”

“சும்மா.”

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வழி முழுக்க எனக்கு அதே யோசனை. ஒரு மனுசன் இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நாளும் வாயால் சொல்லாத ஒரு தீவு, எங்கேயிருந்து வந்தது? ஒருவேளை அங்கே போக விருப்பம் என்று எனக்குச் சொல்லித்தான் இருந்தாரோ, நான்தான் மறந்துவிட்டேனோ என்றுகூட யோசித்தேன்.

கடையில் சொன்னேன். முதலாளி அக்கா கேட்ட முதல் கேள்வி, “அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை, அக்கா.”

“பின்னை ஏன் போறியள்?”

எங்களுடைய ஆட்கள் பயணம் போவதென்றால் அந்த முனையில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். லண்டனுக்குச் சாமத்திய வீடு, கனடாவுக்குக் கலியாணம், சுவிசுக்குத் தேர். விமான நிலையத்துக்கு ஒரு மச்சான் வந்து நிற்க வேண்டும், அவர் வீட்டில் நிலத்தில் பாய் போட வேண்டும், பெட்டியில் அரைவாசி மிளகாய்த்தூளாக இருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊருக்குச் சும்மா போய் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு எங்களிடம் ஒரு பழக்கமும் இல்லை. அன்றைக்குச் சாறி எடுக்க வந்த பெண்கள் எல்லாரும் தலைக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி அங்கே நிலம் மலிவு என்று வாங்கப் போகிறோம் என நினைத்துவிட்டாள். இன்னொருத்தி, “அண்ணைக்கு ஏதும் வருத்தமோ?” என்று இரகசியமாகக் கேட்டாள்.

மகள்தான் விடுதிக்காரர் அனுப்பிய நிகழ்ச்சி நிரலைத் தொலைபேசியில் வாசித்துச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் பிரெஞ்சில்தான் வரும். நான் கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். முதல் நாள், மாலை போட்டு வரவேற்பு. இரண்டாம் நாள், தேங்காய் பற்றிய செயல்முறை விளக்கம். மூன்றாம் நாள், உடுப்புக் கட்டும் வகுப்பு. நாலாம் நாள், வள்ளம் வலித்தல். ஐந்தாம் நாள், நிலத்தடி அடுப்பில் விருந்து. ஆறாம் நாள் பின்னேரம் நாலு மணி, கடற்கரையில் பொலினேசியக் கலியாணச் சடங்கு.

கலியாணம் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, தெரிந்த விசயம் ஒன்று. “கலியாணத்துக்கு வெறுங்கையோடை போகேலாது, என்ன குடுக்கலாம்?” என்று மகளிடம் கேட்டேன். அந்தப் பக்கம் அவள் ஒரு தரம் இருமினாள். பிறகு ஓம் ஓம், நல்ல பரிசாக ஒன்று கொண்டுபோங்கோ என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுடைய குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இவரிடமும் துண்டில் கேட்டேன்: ‘6ம் நாள் கலியாணம். பரிசு?’ மறுநாள் பதில் இருந்தது: ‘பொம்பிளைக்குச் சாறி. மாப்பிளைக்கு வேட்டி.’ அவருக்கும் வேறு யோசனை வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சாறி கொண்டுபோவது எங்கள் இரண்டு பேருக்கும் முழு நியாயமாகப் பட்டது.

அந்தச் சாறியை எடுக்க லாச்சப்பலில் அரை நாள் போனது. தஹித்திப் பெண்கள் என்ன நிறம், என்ன உயரம் என்று கடை முழுவதும் விவாதம். அக்கா கைத்தொலைபேசியில் படம் தேடிப் பார்த்து, “நல்ல கறுத்த நீளத் தலைமயிர், நல்ல உடம்பு, இவையளுக்குச் சிவப்பு எடுக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார். செவ்வரத்தம்பூச் சிவப்பில் அகலமான பொன் கரை வைத்த பட்டு ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எத்தனையோ தரம் வாடிக்கையாளர்களுக்கு விரித்துக் காட்டியிருக்கிறேன். எனக்கு அது கொள்ளை ஆசை. ஆனால் நாற்பத்தேழு வயதில் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஆரோ ஒரு பெண் கட்டட்டும் என்று அதையே எடுத்து, பளபளக்கும் தாளில் சுற்றினேன். நான் கலியாணத்துக்குக் கட்டவென்று மண்ணிறத்தில் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

பயணமே பெரிய குழப்பம். தஹித்தி பிரான்சுக்குச் சொந்தம். ஆனால் பிரான்சிலிருந்து பிரான்சுக்குப் போக அமெரிக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும், விமானம் லொஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி ஏறுமாம். லீவில் வந்திருந்த மகள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்து கணினியில் படிவம் நிரப்பினாள். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று அழுத்த முதல் அவள் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

விமானத்தில் இவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நடுவில் ஒரு கைப்பிடி. அதில் ஆருடைய முழங்கையை வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை, கடைசியில் ஒருவரும் வைக்கவில்லை. “குளிருதோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் கழித்து, “தண்ணி வேணுமோ?” இல்லை. அட்லாண்டிக் கடலின் நடுவில், “நித்திரை வருதோ?” இல்லை. பிறகு நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு முன்னால் இருந்த திரையில் ஏதோ படம் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் படம் ஓடியது, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இனியும் பத்து நாள் இருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கினால் மாலை. உண்மையான பூமாலை, மல்லிகை மாதிரி வாசம். விடுதிக்காரி பெரிய உடம்புக்காரி, காதில் ஒரு வெள்ளைப் பூ, என்னை அப்படியே சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். நான் பழக்கத்தில் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தேன். எங்களில் கழுத்தில் மாலையோடு நடந்து திரிகிறவர் மணமகன் அல்லது அரசியல்வாதி. கழற்றக் கூடாதென்று அவள் திரும்பப் போட்டுவிட்டாள். இவருடைய கழுத்திலும் ஒன்று. இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாகப் படகில் இருந்து கடலைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் தேங்காய். ஒரு வாலிபன் இடுப்பில் துண்டோடு வந்து, கூரான தடியில் தேங்காயைக் குத்தி உரித்தான். பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். உடைத்தான், கைதட்டினார்கள். துருவிப் பிழிந்து பால் எடுத்தான், ஒரு பெண் கண்ணில் நீர் வரச் சந்தோசப்பட்டாள். இருபத்திரண்டு மணித்தியாலம் பறந்து வந்து நான் பார்த்தது தேங்காய்ப்பால். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் பிழிந்தபோது இரண்டாம் பாலும் வரும் என்று காட்டினேன், அதற்கும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் தேங்காய்ப்பாலுக்கு எனக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. அன்றைக்குப் பின்னேரம் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி என்னை அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்து வந்து துவாய் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், காலையில் நான்தான் பொறுக்காமல் எல்லாவற்றையும் மடித்து அடுக்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் உடுப்புக் கட்டும் வகுப்பு. இரண்டு கெஜத் துணியை இடுப்பில் எப்படிச் சுற்றுவது என்று படிப்பித்தார்கள். இவர் அரை நிமிடத்தில் சாரம் மாதிரிக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பிரெஞ்சுக்காரனுடையது அவிழ்ந்து விழப்போக, இவரே முடிச்சுப் போட்டுவிட்டார். நாலாம் நாள் வள்ளத்திலிருந்து தண்ணீரில் குதித்தார். நான் கத்திவிட்டேன். ஆனால் இவர் கையை நீட்டி நீட்டி அழகாக நீந்திப் போனார், தூரத்தில் தலை மட்டும் தெரிந்தது. இவருக்கு நீந்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வேறு என்னவெல்லாம் எனக்குத் தெரியாது என்று வள்ளத்தில் இருந்தபடி யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

ஐந்தாம் நாள் விருந்து. குழியில் கல்லைச் சுடவைத்து, வாழையிலையில் சுற்றி, பன்றியும் மீனும் ஈரப்பலாவும். அங்கே வியாழக்கிழமை. பாரிஸில் வெள்ளி பிறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் மச்சம் தொடுவதில்லை. என் விரதம் எந்த ஊர் வெள்ளிக்கு?

“இஞ்சத்தை வெள்ளிக்குத்தான்” என்றார் இவர்.

“அம்மனுக்குத் தெரியுமோ நாங்கள் இஞ்சை நிக்கிறம் எண்டு?”

நான் இரண்டு நாளும் விரதம் பிடித்து ஈரப்பலா மட்டும் சாப்பிட்டேன். அந்த ஐந்து நாளில் நாங்கள் கதைத்த ஆக நீளமான கதை இதுதான். அறைக்குப் போனால் அவர் மல்லாந்து கூரையைப் பார்த்துப் படுப்பார், நான் ஜன்னல் பக்கம். இடையிடையே தொண்டையைச் செருமுவார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருப்பேன். ஒன்றும் வராது. எனக்கு அழுகை வரும். இதுக்குத்தானோ இவ்வளவு தூரம் வந்தோம், செவ்ரானிலேயே இருந்திருந்தால் இவருக்கு என்னோடு கதைக்க ஒன்றுமில்லை என்று தெரியாமலாவது இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

ஆறாம் நாள் மூன்றரைக்கே வெளிக்கிட்டோம். எனக்கு மண்ணிறச் சாறி, இவருக்கு வெள்ளை சேட்டும் கறுப்புக் காற்சட்டையும், கையில் பளபளக்கும் பொதியும் வேட்டிப் பெட்டியும். எங்களில் கலியாணத்துக்கு நேரத்தோடு போவதில்லை. ஆனால் வெளியூர் ஆயிற்றே. கடற்கரையில் பூவால் ஒரு வளைவு, கிடுகுப் பந்தல், மூன்று பேர் வாத்தியத்தோடு, தலையில் இலை முடி வைத்த ஒரு பெரியவர். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் நீள மர வாங்கில் இருந்தார்கள். பொம்பிளை வீட்டார் எந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பக்கம் என்று தெரியாததால் நாங்கள் பின்வரிசையில் ஒதுக்கமாக இருந்தோம். அப்போது ஒருவன் சங்கை எடுத்து ஊதினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் வீட்டு வாசலில் கேட்டால் அது செத்தவீடு.

“ஆரும் செத்துப் போச்சினமோ?” என்று இவரிடம் கேட்டேன்.

“இல்லையப்பா, கலியாணம் எண்டுதானே போட்டிருந்தது.”

விடுதிக்காரி எங்களைத் தேடிப் பின்வரிசைக்கு வந்தாள். நான் எழுந்து பொதியை இரண்டு கையாலும் நீட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இது பொம்பிளைக்கு, எங்களுடைய அன்பளிப்பு, பொம்பிளை எங்கே என்றேன். அவள் பொதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பொம்பிளை நீங்கள்தான், மடாம், என்றாள்.

உணவகத்து ஆட்கள் ஏற்பாடு செய்ததாம். கலியாணம் கட்டியவர்கள் திரும்ப ஒருமுறை கட்டுவது அங்கே வருகிறவர்களுக்கு வழக்கமாம். மகளுக்கு எல்லாம் தெரியுமாம். இந்த விசயம் இவருக்கும் தெரியாது. மனுசன் வேட்டிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி திகைத்துப்போய் நின்றார். வாங்கில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களுக்காக வந்தவர்கள். எங்களுடைய கலியாணத்துக்கு நாங்களே பரிசோடு வந்து பின்வரிசையில் இருந்திருக்கிறோம். எனக்கு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் விழ வேண்டும்போல இருந்தது. நீந்தத் தெரியாததால் நின்றேன்.

விடுதிக்காரி பொதியைப் பிரித்துவிட்டாள். சிவப்புப் பட்டைக் கண்டதும் இதைத்தான் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கட்டவைத்தாள். மண்ணிறச் சட்டைக்குச் சிவப்புச் சாறி. லாச்சப்பலில் என்னை அப்படிக் கண்டிருந்தால் அக்கா வேலையை விட்டே நிற்பாட்டியிருப்பார். வெளியே வந்தபோது இவர் வேட்டியோடு வளைவின் கீழ் நின்றார். கண்ணாடி போட்டிருந்தார். இவர் எப்போது கண்ணாடி போடத் தொடங்கினார் என்று மனம் தேடியது, கிடைக்கவில்லை.

பெரியவர் அவர்களுடைய மொழியில் ஏதோ பாடினார். எங்கள் கையில் தண்ணீர் தெளித்தார். பூவேலை செய்த பெரிய போர்வை ஒன்றை எங்கள் இரண்டு பேரின் தோளையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். அதுவரைக்கும் ஒருமாதிரிப் போனது. அதற்குப் பிறகுதான், இனி ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்றார்கள்.

எங்களுடைய கலியாணத்தில் மணமக்கள் கதைப்பதில்லை. எல்லாவற்றையும் ஐயர் சொல்லுவார். மிச்சத்தை மேளம் பார்த்துக்கொள்ளும். பேசாமல் குனிந்திருப்பதுதான் எங்கள் வேலை, அதை அன்றைக்கு நான் நன்றாகச் செய்தேன். இங்கே மேளமில்லை. எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்துகொண்டிருந்த பத்து நாளும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து நின்றது. இவர் ஒன்றும் சொல்லமாட்டார், எல்லாருக்கும் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

இவர் தொண்டையைச் செருமினார். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதுதான் அவருக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல், மணலைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கை போகப்போறாய் எண்டு கேட்டாங்கள். ஆகத் தூரமானது எது எண்டு நான் கேட்டன். இதுதான் எண்டாங்கள். பிளேனுக்குள்ளை உமக்கு எழும்பி வேலைக்குப் போகேலாது, எனக்கும் போகேலாது. இருபத்திரண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரம் பக்கத்திலை இருந்தால் கதை வரும் எண்டு நினைச்சன்.” கொஞ்சம் நிறுத்தினார். “குளிருதோ எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு எனக்கு என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை.”

நான் காதில் செருகிக்கொண்டு பார்த்த அந்தப் படத்தின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. என் மேல் அதைவிட. எட்டு வருசமாகக் கதைக்க விருப்பமில்லாதவர் என்று நான் நினைத்துவைத்திருந்த மனுசன், தொடங்கத் தெரியாமல் நின்றிருக்கிறார். தொடங்கத் தெரியாமல் நின்றது அவர் மட்டுமா?

விடுதிக்காரி என் பக்கம் தலையை ஆட்டினாள். என் முறை. அவ்வளவு ஆட்களுக்கு முன்னால், சிவப்புச் சாறியோடு, எனக்கு வந்தது ஒரே ஒரு வசனம்.

“வெயில் கண்ணுக்குள்ளை குத்துது, இஞ்சாலை தள்ளி நில்லுங்கோ.”

தள்ளி நின்றார். என்ன சொன்னாள் என்று பெரியவர் கேட்டார். ‘ஓம் என்று சொல்கிறாள்’ என்று இவர் பிரெஞ்சில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மிச்ச நாட்களில் நாங்கள் கதைத்துத் தள்ளிவிட்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொஞ்சம் கதைத்தோம். நீந்த எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன், சொன்னார். திரும்பும் விமானத்தில் கைப்பிடியில் அவர் கை வைத்தார், நான் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வர முதல் இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டோம்.

கடையில் அக்காவுக்கு அந்தக் கலியாணத்தைப் பற்றி அறிய ஒரே ஆவல். “பொம்பிளைக்குச் சாறி பிடிச்சுதோ?” என்று கேட்டார். பிடித்தது என்றேன். படம் காட்டச் சொன்னதற்கு, கைத்தொலைபேசி கடலில் விழுந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்று கிழமை போனது. மூன்று மணிக்கு அவர், எட்டரைக்கு நான். பழையபடி எல்லாம் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை பின்னேரம், கடையில் ஒருத்திக்குச் சாறி விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, இவர் இப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது. இத்தனை வருசத் திங்கட்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் துண்டறத் தெரியாது. சாறியை அப்படியே மேசையில் போட்டுவிட்டு அக்காவிடம் போனேன்.

“அக்கா, எனக்கு இனிச் செவ்வாய் வேண்டாம். திங்கட்கிழமை லீவு தாங்கோ.”

“ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?”

“எல்லாரும் சுகம்.”

“விரதமோ?”

“இல்லை.”

“பிரிஃபெக்தூரிலை விசா அலுவலோ?”

“இல்லை அக்கா. இவர் திங்களிலைதான் வீட்டிலை நிக்கிறவர்.”

லாச்சப்பலில் லீவு கேட்க இந்த மூன்று காரணங்கள்தான் இருந்தன. நாலாவதை அக்கா அதுவரை கேள்விப்பட்டதில்லை. சாறி பார்க்க வந்த பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அவர் நிண்டால்?” என்றார் அக்கா. “நீரும் நிண்டு என்ன செய்யப் போறீர்?”

“தெரியாது அக்கா” என்றேன். “இருந்து பாப்பம்.”